கொங்க் போகிறவர்களுக்கு: ஓர் இரவு தங்கிப் பார்க்க ஒரு வழிகாட்டி

தெற்கு பிரான்ஸில் அவெரோன் என்றொரு மாவட்டம். அதன் வடமேற்கில், தூர்தூ ஆறு ஓடும் பள்ளத்தாக்குக்கு மேலே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர்தான் கொங்க். பிரெஞ்சு எழுத்தைப் பார்த்தால் வாயில் நுழையாத மாதிரி இருக்கும். சொல்லும்போது ‘கோங்க்’ என்று சட்டென்று முடிந்துவிடும். பள்ளத்தாக்கு சிப்பி போலக் குழிந்திருப்பதால் வந்த பெயர். ஊருக்குள் சில நூறு பேர்கூட இல்லை. அந்த ஊருக்கு நடுவில், ஒரு நகரத்துக்கே போதுமான அளவில் ஒரு பெரிய தேவாலயம்.

நான் தூலூஸில் வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஆகஸ்ட் மாதம் அங்கே போனேன். போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டேகால். உணவகங்களில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு தெரு சுற்றினேன், தேவாலயத்தை எட்டிப் பார்த்தேன், நாலரைக்குக் கிளம்பிவிட்டேன். அழகான ஊர் என்பதற்கு மேல் மனதில் எதுவும் நிற்கவில்லை. பிறகு ஒரு செப்டம்பரில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இரவு தங்கினேன். அன்றைக்குத்தான் அந்த ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு விஷயத்தையே வற்புறுத்தப் போகிறேன்: கொங்க்கை இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்காதீர்கள். மாலையில் போய், இரவு தங்கி, காலையில் கிளம்புங்கள்.

கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கதை

இந்த மூலையில் இவ்வளவு பெரிய தேவாலயம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதெல்லாம் புரியும். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற துறவி தனிமை தேடி இங்கே வந்தார். பின்னாலேயே சிலர் சேர, ஒரு மடம் உருவானது. மடம் இருந்தது, ஆனால் அதைத் தேடி வர மக்களுக்கு ஒரு காரணம் இல்லை. அந்தக் காலத்தில் புனிதர் ஒருவரின் திருப்பண்டம், அதாவது எலும்போ உடையோ ஏதாவது ஒன்று, இருக்கும் இடத்துக்குத்தான் யாத்திரிகர்கள் வருவார்கள்.

மேற்கே அஜான் என்ற ஊரில் சேன்ட் ஃபுவா என்ற புனிதையின் திருப்பண்டம் இருந்தது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானியர் ஆட்சியில், விசுவாசத்தை விட மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி என்று அவளைச் சொல்கிறார்கள். அவள் பெயருக்கே விசுவாசம் என்றுதான் பொருள். கொங்க் மடத்துத் துறவி ஒருவர் அஜானுக்குப் போய்ப் பத்து வருடம் அங்கேயே தங்கி, எல்லோருடைய நம்பிக்கையையும் பெற்று, கல்லறைக் காவலே தன் கைக்கு வந்ததும் ஒருநாள் திருப்பண்டத்தை எடுத்துக்கொண்டு கொங்க்குக்கு வந்துவிட்டார் என்பது மடத்தின் கதை. இது நடந்தது 866 வாக்கில். கொங்க் மக்கள் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. புனிதையே அங்கே வர விரும்பினாள் என்பார்கள்.

அதற்கப்புறம் கூட்டம் வந்தது. கைதிகளின் விலங்கை உடைப்பாள், கண் பார்வை தருவாள் என்று பேச்சு பரவியது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறைக்கு நடந்து போகும் யாத்திரை வழியில் கொங்க் ஒரு முக்கியத் தங்குமிடமாக ஆனது. இப்போது நிற்கும் தேவாலயம் பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்தது. பின்னால் கூட்டம் குறைந்து, மடம் நொடித்து, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கட்டடம் இடியும் நிலைக்கு வந்தது. 1837-இல் பழஞ்சின்னங்களுக்கான அரசு ஆய்வாளராக இருந்த ப்ரோஸ்பேர் மெரிமே இங்கே வந்து பார்த்து, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1873-இல் ப்ரெமோந்த்ரே சபைத் துறவிகள் வந்தார்கள். இன்றும் அவர்கள்தான் இருக்கிறார்கள். 1998-இல் தேவாலயமும் ஆற்றுப் பாலமும் யாத்திரை வழியின் பகுதிகளாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

எந்த மாதம் போகலாம்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. என் ஓட்டு செப்டம்பருக்கு. ஜூலை, ஆகஸ்டில் பகல் முழுக்கக் கூட்டம். ஆனால் இரவு நிகழ்ச்சிகள் எல்லாம் தவறாமல் நடப்பது அப்போதுதான். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்றால் அப்போதே போங்கள், தங்குமிடத்தை மட்டும் மாதக்கணக்கில் முன்னால் பிடித்துவிடுங்கள். நவம்பர் தொடங்கி மார்ச் வரை பாதி ஊர் பூட்டிக் கிடக்கும். அந்த அமைதி சிலருக்குப் பிடிக்கும், ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சாப்பிட ஓர் இடம் தேடியே அலுத்துப்போவீர்கள்.

புனிதையின் திருநாள் அக்டோபர் 6. அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஊர் கொண்டாடும்.

போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும் என்பது தெரிந்ததே. விமானம் பாரிஸுக்கோ தூலூஸுக்கோ. கொங்க்குக்கு ரயில் கிடையாது. பக்கத்துப் பெரிய ஊர் ரொடெஸ். அங்கிருந்து சாலையில் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரொடெஸுக்கு இரவு ரயில் இருக்கிறது. படுத்துத் தூங்கி, காலையில் இறங்கலாம். தூலூஸிலிருந்தும் ரொடெஸுக்கு ரயில் உண்டு, இரண்டரை மணி நேரம் போல ஆகும். நடந்து வரும் யாத்திரிகர்கள் சிலர் ரொடெஸ் போகும் பாதையில் இருக்கும் சேன்ட் கிறிஸ்தோஃப் வல்லோன் என்ற சின்ன நிலையத்திலும் இறங்குவார்கள். எங்கே இறங்கினாலும் அங்கிருந்து டாக்ஸியை முந்தின நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். நிலையத்து வாசலில் ஆட்டோ ஸ்டாண்ட் மாதிரி வரிசையாக நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள், நிற்காது. பேருந்தை நம்பித் திட்டம் போடுவதும் கஷ்டம். சில நாட்களில் மட்டும், சில நேரங்களில் மட்டும் ஓடும்.

ஆக, வசதி வாடகைக் கார்தான். தூலூஸிலிருந்து அல்பி வழியாக ரொடெஸ், அப்புறம் D901 என்ற சாலையில் மார்சிலாக் வழியாகக் கொங்க். மொத்தம் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்கள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். இங்கே வண்டி வலப்பக்கம் போகும். வாடகைக் கார்கள் பெரும்பாலும் கியர் வண்டிகள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: கிராமத்துக்குள் எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்பக்கத்துச் சின்னத் தெருவிலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள்தான் வழி விட வேண்டும். நீங்கள் பெரிய சாலையில் போனாலும் சரி. இது தெரியாமல் பயந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு. ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச உரிமமும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வழியில் சால் லா சூர்ஸ் என்ற ஊரில் வீடுகளுக்கு நடுவிலேயே ஓர் அருவி கொட்டுகிறது, கால் மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாம். மார்சிலாக் தாண்டினால் மண் சிவந்துபோகும், செம்மண் மேட்டில் திராட்சைத் தோட்டங்கள். பெட்ரோல், கைக்காசு, மாத்திரை மருந்து எல்லாவற்றையும் ரொடெஸிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கொங்க்கில் பெட்ரோல் பங்க் கிடையாது.

தங்குமிடம்

மூன்று வகை இருக்கிறது. சின்ன ஹோட்டல்கள், வீட்டுக்காரர்களே சில அறைகளை வாடகைக்கு விட்டுக் காலைப் பலகாரமும் தரும் ‘ஷாம்ப்ர் தோத்’ வீடுகள், நடந்து வரும் யாத்திரிகர்களுக்கான விடுதிகள். தேவாலயத்தை ஒட்டியே மடத்து விடுதி இருக்கிறது, துறவிகளும் தன்னார்வலர்களும் நடத்துகிறார்கள். பல பேர் ஒரே அறையில் படுப்பது, எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவது என்று இருக்கும். அங்கே நடந்து வருகிறவர்களுக்குத்தான் முதலிடம்; காரில் வருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நியாயம்.

அறை பிடிக்கும்போது வயதானவர்கள் கூட வந்தால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: கார் நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை படி, வீட்டுக்குள் எத்தனை மாடி? இந்த வீடுகள் சரிவில் கட்டியவை. தெருவாசலில் தரைத்தளமாக இருப்பது பின்பக்கம் மூன்றாம் மாடியாக இருக்கும். அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதிக் கேட்டேன். அந்த வீட்டம்மா கீழ் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வந்து இறங்கியதும்

கார் ஊருக்குள் போகாது. ஊர் எல்லையிலேயே கட்டண நிறுத்துமிடங்கள் இருக்கின்றன, அங்கே விட்டுவிட்டு நடக்க வேண்டும். பெரிய சூட்கேஸைக் காரிலேயே வைத்துவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதை முதுகுப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கல் பாவிய தெருவில் சக்கரப்பெட்டி உருட்டுவது பெரும்பாடு. குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை விட மார்போடு கட்டிக்கொள்ளும் பை நல்லது. செருப்பு வேண்டாம், பிடிமானமான ஷூ போடுங்கள். மழை பெய்தால் அந்தக் கல் பாசி பிடித்த குளத்துப்படி மாதிரி வழுக்கும்.

மாலை நாலு, ஐந்து மணிக்கு வந்து சேருவது நல்லது. பகல் கூட்டம் கிளம்பும் நேரம் அது. அறையில் பையைப் போட்டுவிட்டு முதலில் தெருக்களைப் பாருங்கள், தேவாலயத்தை அப்புறம் பார்க்கலாம். கூரைகளைக் கவனியுங்கள். ஓடு இல்லை, கருஞ்சாம்பல் நிறக் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பார்கள். ‘லோஸ்’ என்று அதற்குப் பெயர். சுவர்களில் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் போக, நடுவே கல்லும் சாந்தும். தேவாலயத்தில் மட்டும் கல்லின் நிறம் மாறும்: மஞ்சள் சுண்ணாம்புக்கல், கொஞ்சம் சிவப்பு மணற்கல். மாலை வெயில் அதன்மேல் விழும்போது சுற்றியுள்ள சாம்பல் வீடுகளுக்கு நடுவில் அது தனியாக ஒளிரும்.

கடைக்குள் நுழைந்தால் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. பிரான்ஸில் எங்குமே இது முக்கியம், கிராமத்தில் இன்னும் முக்கியம். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டால் உடைந்த பிரெஞ்சில் பேசினாலும் பொறுமையாகக் காது கொடுப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல ஒரு சுற்றுலா அலுவலகம் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைய இரவு நிகழ்ச்சி நேரத்தை அங்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசல் சிற்பத்தின் முன் ஒரு மணி நேரம்

தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு மேலே அரைவட்டமாக ஒரு சிற்பத் தொகுதி இருக்கிறது. கடைசித் தீர்ப்பு நாள்தான் காட்சி. மொத்தம் 124 உருவங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செதுக்கியது. வாசல் உள்ளடங்கி இருப்பதால் மழை, வெயில் அதிகம் படாமல் முகங்கள் கூர்மையாகவே நிற்கின்றன. பழைய வண்ணப்பூச்சின் நீலமும் சிவப்பும்கூட இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கின்றன. எதிரே சுவரோரமாக உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிடுங்கள். முடிந்தால் சின்ன பைனாகுலர் கொண்டு வாருங்கள்.

பார்க்கும் முறை இது. முதலில் நடுவில் இயேசு. வலக்கை மேலே தூக்கியிருக்கும், இடக்கை கீழே காட்டும். அவருடைய வலப்பக்கம், அதாவது நம்முடைய இடப்பக்கம், மோட்சம், மறுபக்கம் நரகம். மோட்சத்தில் எல்லோரும் அமைதியாக, தூண்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவே வரிசையாக நிற்கிறார்கள். ஊர்வலத்தில் மாமன்னர் ஷார்லமான் வருகிறார், மடத்துக்கு நிலபுலம் கொடுத்தவராக இவர்கள் கொண்டாடும் அரசர். ஆனால் அவர் கம்பீரமாக வரவில்லை. மடாதிபதி ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவர, தயங்கித் தயங்கி வருகிறார். தானம் கொடுத்த ராஜாவுக்கும் தீர்ப்பு உண்டு என்பதை அந்தத் தயக்கத்திலேயே சிற்பி காட்டிவிட்டான்.

கொஞ்சம் கீழே, முக்கோணமாக ஒதுங்கிய இடத்தில், ஒரு சின்னப் பெண் மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். மேகத்திலிருந்து கடவுளின் கை மட்டும் நீண்டு அவள் தலைக்கு மேலே நிற்கிறது. அவள்தான் சேன்ட் ஃபுவா. அவளுக்குப் பின்னால் விட்டத்தில் விலங்குகள் தொங்குவதைப் பாருங்கள். விடுதலையான கைதிகள் காணிக்கையாகக் கொண்டுவந்து போட்டவை. அப்படி வந்த இரும்பை உருக்கித்தான் தேவாலயத்துக்குள் இருக்கும் கம்பிக் கதவுகளைச் செய்தார்கள் என்றும் ஒரு வழக்கு உண்டு. உள்ளே போகும்போது அந்தக் கம்பிகளைத் தொட்டுப் பார்க்கலாம்.

நடுக்கோட்டில் தராசு இருக்கிறது. ஒரு பக்கம் தேவதூதர் மிக்கேல், மறுபக்கம் பிசாசு, நேருக்கு நேர். பிசாசு தன் பக்கத்துத் தட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறது.

நரகத்தில் ஒரே நெரிசல். சாத்தான் நடுவில் அரசன் போல உட்கார்ந்திருக்கிறான். கர்வம் பிடித்த போர்வீரன் குதிரையோடு தலைகீழாக விழுகிறான். கஞ்சன் பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கில் ஆடுகிறான். ஒருவனை நெருப்பில் சுட்டுக்கொண்டிருக்கும் பிசாசுக்கு முயல் முகம். வேட்டைக்காரனை முயலே சுடுகிறது என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். வலையில் சிக்கிய துறவிகளும் இருக்கிறார்கள். தங்கள் சபையாரையே நரகத்தில் செதுக்க மடம் இடம் கொடுத்திருக்கிறது, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மா பிரெஞ்சும் படிக்கவில்லை, பைபிளும் படிக்கவில்லை. ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அங்க பாரு, புறம் பேசினவன் நாக்கைப் பிடுங்கறாங்க” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத யாத்திரிகனுக்காகச் செதுக்கிய சிற்பம் தொள்ளாயிரம் வருடம் கழித்தும் அதே வேலையைச் செய்தது.

சிற்பத்தின் ஓரத்தில் லத்தீன் வரிகள் ஓடுகின்றன. கீழ்வரி சொல்வது: பாவிகளே, நடத்தையை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடுந்தீர்ப்பு உங்களுக்குக் காத்திருக்கிறது. கடைசியாக, வளைவின் வெளி விளிம்பைப் பாருங்கள். துணிச்சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய எட்டிப் பார்க்கும் சின்னச் சின்ன முகங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் என்றே ஊரார் அவர்களைச் சொல்கிறார்கள். கண்ணில் படும் வரை படாது; பட்டுவிட்டால் அவர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. குழந்தைகளைக் கூட்டிப் போனால் இவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

உள்ளே

நுழைந்ததும் தலை தானாக மேலே போகும். நடுக்கூடத்தின் உயரம் 22 மீட்டர், அகலம் குறைவு, அதனால் இன்னும் உயரமாகத் தெரியும். ஓவியம், தங்கப்பூச்சு எதுவும் இல்லை. கல்லும் வெளிச்சமும்தான்.

அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பியேர் சூலாஜ் 1919-இல் ரொடெஸில் பிறந்த ஓவியர். வாழ்நாள் முழுக்கக் கறுப்பு நிறத்தை வைத்தே வரைந்தவர். பள்ளிப் பையனாக இந்தத் தேவாலயத்துக்கு வந்த நாளில்தான், வாழ்க்கையில் கலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அரசு அவரிடமே இதன் ஜன்னல்களை ஒப்படைத்தது. 104 திறப்புகள். வண்ணக் கண்ணாடியில் புனிதர் படம் எதுவும் அவர் போடவில்லை. ஊடுருவிப் பார்க்க முடியாத, ஆனால் வெளிச்சத்தை விடும் நிறமில்லாத கண்ணாடி ஒன்றைப் பல வருடம் சோதித்து உருவாக்கினார். அதில் சாய்வாகப் போகும் கறுப்பு ஈயக் கோடுகள் மட்டும். 1994-இல் வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் ஊரில் எதிர்ப்பும் இருந்தது.

அந்தக் கண்ணாடியின் அருமை ஒரு முறை பார்த்தால் தெரியாது. மாலையில் ஒரு பக்கத்து ஜன்னல்கள் இளஞ்சூட்டு ஆரஞ்சாகவும் எதிர்ப்பக்கம் நீலமாகவும் இருக்கும். மறுநாள் காலை அதே ஜன்னல்கள் இடம் மாறி நிற்கும். நிறம் கண்ணாடியில் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. இரவு தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாலையில் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, அதே தூணுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இது வழிபாடு நடக்கும் இடம். பூசை நேரத்தில் சுற்றித் திரியாமல் பின்னால் உட்கார்ந்துவிடலாம், எந்த மதத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் முதுகுப்பையோடு ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்ணும் அப்படியே நின்றார்.

பொக்கிஷ அறை

இதற்குத் தனி டிக்கெட். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், அதனால் வந்த அன்றே முடியவில்லை என்றால் மறுநாள் காலை முதல் வேலையாக வையுங்கள். தவிர்த்துவிடாதீர்கள், நான் முதல் முறை விட்டது இதைத்தான்.

உள்ளே இருட்டறையில் சேன்ட் ஃபுவாவின் சிலை சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம் உயரம். மரத்தின்மேல் தங்கத்தகடு போர்த்தி, நூற்றாண்டு நூற்றாண்டாக யாத்திரிகர்கள் கொடுத்த மணிகளையும் கற்களையும் பதித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். முகத்தை உற்றுப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகமே இல்லை. கனத்த தாடை, விறைத்த பார்வை. தலை மட்டும் சிலையை விடப் பழையது, ரோமானியர் காலக் கடைசியில் செய்த ஏதோ ஓர் உருவத்தின் தலை. அதை எடுத்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் ஆன்ஜே ஊர் பெர்னார் என்ற கல்விமான் இதைப் பார்க்க வந்தபோது, இது விக்கிரக வழிபாடு அல்லவா என்று முகம் சுளித்தார். பிறகு மனம் மாறி, அவளுடைய அற்புதங்களை எழுதுவதே தன் வேலை என்று ஆகிவிட்டார். உற்சவமூர்த்திக்கு நகை சாத்திப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த முதல் தயக்கம் வராது. அம்மா கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றதும் கை கூப்பினார்.

இவ்வளவு தங்கம் புரட்சிக் காலத்தில் எப்படித் தப்பியது? ஊர் மக்களே பங்கிட்டு எடுத்துப் போய், தோட்டத்திலும் கஷ்கொட்டை உலர்த்தும் கொட்டகைகளிலும் ஒளித்து வைத்து, ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்கிறார்கள்.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டு முதல் ஒன்றரைக்குள், இரவு ஏழரைக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் கையில் இருப்பதுதான். பிஸ்கட், பழம் வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேசையைக் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

அலிகோ கட்டாயம் சாப்பிட வேண்டும். மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் கொஞ்சம் பூண்டும் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார்கள்; கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் நீளத்துக்கு இழுபடும். கூடத் தொத்திறைச்சி வரும். சைவக்காரர்கள் ‘சான் வியாந்த்’, அதாவது இறைச்சி வேண்டாம், என்று சொல்லி அலிகோவும் சாலடும் வாங்கலாம். ‘ஃபார்சு’ என்பது கீரையையும் மூலிகையையும் மாவில் கலந்து தட்டிப் பொரித்த அடை. நம் ஆட்களுக்கு உடனே பிடிக்கும், ஆனால் சில வீடுகளில் அதில் இறைச்சியும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘எஸ்தோஃபினாத்’ கிடைத்தால் விடாதீர்கள். காய்ந்து விறகுபோல் ஆன மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, முட்டை, அக்ரூட் எண்ணெயோடு பிசைந்து செய்வது. கடலே இல்லாத மாவட்டத்தில் இந்தக் கருவாடு எப்படி என்றால், போர்தோ துறைமுகத்திலிருந்து லோத் ஆற்றில் படகேறி வந்த பழக்கம். ஒயின் குடிக்கிறவர்களுக்கு வழியில் பார்த்த செம்மண்ணில் விளைந்த மார்சிலாக்.

இரவு

சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடாதீர்கள். சீசனில் இரவு வழிபாட்டில் நடந்து வந்த யாத்திரிகர்களுக்கு ஆசீர்வாதம் நடக்கும். அது முடிந்து வெளியே வந்தால் துறவி ஒருவர் வாசல் சிற்பத்தை ஒவ்வோர் உருவமாக விளக்குவார். பிரெஞ்சில்தான், ஆனால் மேலே சொன்னதை ஒரு தடவை படித்துவிட்டுப் போனால் அவர் கை காட்டும் திசையிலேயே பாதி புரிந்துவிடும். அப்புறம் உள்ளே ஆர்கன் இசைப்பார்கள். அந்த நேரத்தில் மாடிச் சுற்றுக்கூடத்துக்கு ஏறிப்போக விடுகிறார்கள். பகலில் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த தூண் தலைகளை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஏறும் படி குறுகல், வெளிச்சம் குறைவு. அம்மா கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த நீண்ட கூடத்தில் தலைமுக்காட்டோடு ஒரே ஓர் ஆள், இசை அவரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கையில் இருக்கட்டும். செப்டம்பரிலும் கல் குளிரும்.

காலை

எட்டு மணிக்கு முன் தெருவுக்கு வாருங்கள். பள்ளத்தாக்கில் மூடுபனி நின்றால் கூரைகள் மட்டும் மேலே மிதக்கும். தேவாலயத்தின் தெற்கே பழைய மடத்து முற்றம். அதில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிந்து, கல்லெல்லாம் வெவ்வேறு வீடுகளுக்குப் போய்விட்டது. நடுவில் பச்சைக் கல்லில் வட்டமான தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், சொன்னேனே, அந்த ஜன்னல்களை இன்னொரு முறை பாருங்கள். அப்புறம் பொக்கிஷ அறை.

முட்டி ஒத்துழைத்தால் கடைசியாக ஒரு நடை பாக்கி இருக்கிறது. ஷார்லமான் தெரு வழியாக இறங்கினால் பாரி வாசல் என்ற பழைய சிவப்புக்கல் வாசல் வரும், அதைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கினால் தூர்தூ ஆற்றின்மேல் கல்பாலம். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பாலம் இதுதான். ரோமானியர் பாலம் என்று பெயர் சொன்னாலும் ரோமானியர் கட்டியதல்ல. யாத்திரிகரைக் குறிக்கும் பழைய உள்ளூர்ச் சொல் மருவி அப்படி ஆனது. பாலம் தாண்டி யாத்திரைப் பாதை எதிர்மலையில் ஏறுகிறது. சிவப்பும் வெள்ளையுமாக மரத்தில் தீட்டிய கோடுகளைப் பின்பற்றினால் போதும், வழி தப்பாது. ஏற்றம் கடினம், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி மலையில் சேன்ட் ஃபுவா பெயரில் ஒரு குட்டிச் சிற்றாலயம். அதன் மணியை நடைபயணிகள் அடித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். அங்கே நின்று திரும்பினால் எதிரே முழு ஊரும் தெரியும்.

நான் ஏறிப் போய் மணியை அடித்தேன். கீழே இருந்த அம்மாவுக்கு அது கேட்டதாம். போய்வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், அறையைக் காலி செய்யும் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு.